வாக்குத்தத்த அட்டையின் பின்பக்கம்

கேள்வி: 2025 பிறந்த இரவில் எங்கள் குடும்பத்துக்கு வாக்குத்தத்தமாக எரேமியா 29:11 கிடைத்தது. அந்த ஆண்டிலேயே என் தந்தையை இழந்தேன். இனி எந்த நம்பிக்கையோடு டிசம்பர் 31 இரவு ஆலயத்துக்குப் போவது?

உங்கள் தந்தையின் மறைவுக்கு என் ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்துக்கொள்கிறேன். நீங்கள் கேட்டிருக்கும் இதே கேள்வியைப் பதினேழு ஆண்டுகளுக்கு முன் என் அம்மா கேட்டார்கள். அன்று அவர்களுக்குச் சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை. அதற்குப் பிறகு வேதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தும், அம்மாவைப் பார்த்தும் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் தூத்துக்குடி மாவட்டத்தில் தேரிக்காட்டை ஒட்டிய சிற்றூர். வருடக் கடைசி ஆராதனை இரவு பதினொரு மணிக்குத் தொடங்கும். பாய்களில் பிள்ளைகள் உறங்கிக்கொண்டிருப்பார்கள். அந்த ஆண்டில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தவர்களின், அதாவது இறந்துபோனவர்களின், பெயர்களைச் சபை ஊழியர் ஒவ்வொன்றாக வாசிப்பார். பன்னிரண்டு அடிக்கச் சில நிமிடங்கள் இருக்கையில் விளக்குகளை அணைத்துவிட்டு எல்லோரும் முழங்காலில் நிற்போம். மணியடித்ததும் விளக்குகள் எரியும், பாட்டு எழும்பும். ஆராதனை முடிவில், வருகிற ஆண்டுக்கென்று ஒரு வேதவசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டைகள் தட்டில் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும், குடும்பத்துக்கு ஒன்று எடுத்துக்கொள்ள வேண்டும். 2008 பிறந்த இரவில் அம்மா எடுத்த அட்டையில் ஒரு நீர்வீழ்ச்சிப் படமும் அதன்மேல் சங்கீதம் 91:10உம் அச்சிடப்பட்டிருந்தன: "பொல்லாப்பு உனக்கு நேரிடாது, வாதை உன் கூடாரத்தை அணுகாது."

அப்போது அப்பாவுக்குச் சிறுநீரகங்கள் பழுதடையத் தொடங்கியிருந்தன. அந்த அட்டையை அம்மா அப்பாவின் தலையணைக்கு அடியில் வைத்தார்கள். செப்டம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அப்பா இறந்துபோனார்கள். துக்கம் விசாரிக்க வந்த ஒருவர், வீட்டில் யாருக்கோ விசுவாசம் குறைந்துவிட்டதாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சொல் அம்மாவை எப்படி வாட்டியது என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். ஓர் இரவு அவர்கள் என்னிடம், "வாதை அணுகாதுன்னு கர்த்தர்தானே சொன்னாரு, அவரு பொய் சொல்லுவாராடா?" என்று கேட்டார்கள்.

அவர் பொய் சொல்லவில்லை என்றே இன்றும் நம்புகிறேன். ஆனால் அவர் சொன்னதை நாம் என்னவாகக் கேட்டோம் என்பதை யோசிக்க வேண்டியிருக்கிறது. உங்களுக்குக் கிடைத்த வசனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு" என்று தொடங்கும் அந்த வார்த்தை, பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதி அனுப்பிய கடிதத்தில் வருகிறது. அதற்கு முந்தின வசனத்தில் எழுபது வருஷம் என்று காலம் குறிக்கப்பட்டிருக்கிறது. அப்படியானால் அந்தக் கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் எருசலேமைத் திரும்பப் பார்க்காமலே இறந்திருப்பார்கள். அவர்களுக்குத்தான் வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்துவையுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக விண்ணப்பம்பண்ணுங்கள் என்று தேவன் சொல்கிறார். முந்தின அதிகாரத்தில் அனனியா என்னும் தீர்க்கதரிசி வருகிறான். இரண்டு வருஷ காலத்துக்குள் எல்லாம் திரும்பிவிடும் என்று அவன் ஆலயத்தில் எல்லார் முன்பாகவும் அறிவித்தான். கேட்க இனிமையாயிருந்த அந்த அறிவிப்பு பொய்யாய்ப்போயிற்று. அவனும் அதே வருஷம் ஏழாம் மாதத்தில் செத்துப்போனான் என்று வேதம் சொல்கிறது. புத்தாண்டு இரவில் நாம் எரேமியாவின் வசனத்தைக் கையில் வைத்துக்கொண்டு அனனியாவின் செய்தியை அதில் வாசிக்கிறோம் என்பது என் துணிபு. நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் வாசித்தேன்.

அம்மாவின் வசனத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. அதே 91ஆம் சங்கீதத்தின் அடுத்த இரு வசனங்களைத்தான் பிசாசு தேவாலயத்தின் உப்பரிகையில் இயேசுவிடம் சொன்னான். தாழக் குதியும், தூதர்கள் ஏந்திக்கொண்டு போவார்கள் என்றான். வசனத்தை ஓர் உத்தரவாதச் சீட்டாகப் பிடித்துக்கொண்டு தேவனைச் சோதித்துப் பார்க்க இயேசு மறுத்துவிட்டார். பின்னாளில் அவருடைய கூடாரத்தை வாதை அணுகத்தான் செய்தது. சிலுவையில் அவரைத் தூதர்கள் ஏந்தவில்லை. ஆயினும் பிதாவின் கை அவரை விட்டுவிடவில்லை என்பதை மூன்றாம் நாளில் கண்டோம். கிறிஸ்தவ நம்பிக்கையின் வேர் அங்கேதான் இருக்கிறது.

இங்கே நம் மொழியில் ஒரு நுட்பம் இருப்பதைச் சொல்ல வேண்டும். பழைய மொழிபெயர்ப்பை வாசிக்கும் சீர்திருத்தச் சபையார் தேவன்மேல் வைக்கும் பற்றை விசுவாசம் என்றும், வரப்போவதற்காகக் காத்திருப்பதை நம்பிக்கை என்றும் சொல்கிறோம். கத்தோலிக்கச் சகோதரர்கள் பயன்படுத்தும் பொது மொழிபெயர்ப்பில் முதலாவது நம்பிக்கை, இரண்டாவது எதிர்நோக்கு. எதிர்நோக்கு என்ற அந்தச் சொல் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. வருகிறவர் வரும் திசையில் முகத்தைத் திருப்பி நிற்பதை அது காட்டுகிறது. வருகிற ஆண்டில் இன்னது நடக்கும் என்ற கணிப்புக்கு அதில் இடமில்லை.

ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் மொரேவிய சபையார் 1728 முதல் நாளுக்கொரு வசனத்தைப் பெற்று வாழும் வழக்கத்தைத் தொடங்கினார்கள். 1731 முதல் ஆண்டு முழுவதற்குமான வசனங்கள் புத்தகமாக அச்சாகி வருகின்றன. நம் அட்டைக்கு மூத்த உறவு என்று அதைச் சொல்லலாம். அந்த வசனத்தை அவர்கள் 'லோசுங்' என்று அழைக்கிறார்கள். காவல் வீரர்கள் இருட்டில் தம்மவரை அடையாளம் காணச் சொல்லிக்கொள்ளும் குறிச்சொல்லுக்கும் அதுவே பெயர். இதை அறிந்தபோது எனக்குள் ஒரு கட்டு அவிழ்ந்தது. குறிச்சொல் இருட்டை விலக்காது. இருட்டில் நாம் யாருடையவர்கள் என்பதைச் சொல்லும். அப்பாவின் தலையணைக்கு அடியில் இருந்த அட்டை அவர்களைச் சாவிலிருந்து காக்கவில்லை. ஆனால் கடைசி வாரத்தில் பேச முடியாமல் கிடந்தபோது அப்பா அதைக் கையில் வைத்திருந்தார்கள்.

மெதடிஸ்டு இயக்கத்தைத் தோற்றுவித்த ஜான் வெஸ்லி 1755இல் இலண்டனில் தொடங்கி வைத்த உடன்படிக்கை ஆராதனையையும் நினைத்துப் பார்க்கிறேன். 1947இல் மெதடிஸ்டு சபையாரும் சேர்ந்து உருவான தென்னிந்தியத் திருச்சபையிலும் அது ஆண்டுத் தொடக்கத்தில் நடத்தப்படுகிறது. அதில் சொல்லப்படும் ஜெபம், நான் இனி என்னுடையவன் அல்ல, என்னை வேலையில் அமர்த்தினாலும் பாடுகளில் அமர்த்தினாலும், நிறைவாய் வைத்தாலும் வெறுமையாய் வைத்தாலும் உம்முடையவன் என்ற கருத்தில் அமைந்தது. அட்டையை எடுக்கும் கையோடு இந்த ஜெபத்தைச் சொல்லும் வாயும் சேர்ந்திருந்தால், நம்மில் பலர் இவ்வளவு உடைந்துபோயிருக்க மாட்டோம் என்று தோன்றுகிறது.

2008 டிசம்பர் 31 இரவும் அம்மா ஆலயத்துக்கு வந்தார்கள். அப்பாவின் பெயர் வாசிக்கப்பட்டபோது முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். துக்கிக்கக் கூடாது என்று பவுல் எங்கும் எழுதவில்லை; நம்பிக்கையற்றவர்களைப்போலத் துக்கிக்க வேண்டாம் என்றுதான் தெசலோனிக்கேயருக்கு எழுதினார். நித்திரையடைந்தவர்கள் என்று அந்தப் பட்டியலுக்கு நாம் பெயர் வைத்திருப்பதே, அவர்கள் எழும்புவார்கள் என்பதனால்தான். வீட்டுக்கு வந்தபின் அம்மா அந்த நீர்வீழ்ச்சி அட்டையைத் திருப்பி, பின்பக்கத்தில் பேனாவால், "செப்டம்பர் 14, ஞாயிறு, அப்பா" என்று எழுதினார்கள். கொஞ்ச நேரம் கழித்து அதற்குக் கீழே "இம்மட்டும்" என்று ஒரே ஒரு சொல் எழுதினார்கள்.

அது வேதத்தின் 1 சாமுவேல் புத்தகத்தில் வரும் சாமுவேல் தீர்க்கதரிசியின் சொல். "இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவிசெய்தார்" என்று சொல்லி அவர் நாட்டின கல்லுக்கு எபெனேசர் என்று பெயர். எங்கள் பக்கத்தில் எத்தனையோ வீடுகளின் முகப்பில் அந்தப் பெயரைக் காணலாம். அதே புத்தகத்தில் மூன்று அதிகாரங்களுக்கு முன், இஸ்ரவேலர் எபெனேசர் என்ற இடத்தில் பாளயமிறங்கித்தான் பெலிஸ்தரிடம் தோற்று, முப்பதாயிரம் காலாட்களையும் உடன்படிக்கைப் பெட்டியையும் இழந்தார்கள். இழப்பின் பெயரையே சாமுவேல் உதவியின் கல்லுக்கும் வைத்தார். இடையில் இருபது வருஷப் புலம்பல் இருந்தது. அம்மா இதையெல்லாம் ஆராய்ந்து எழுதியிருக்க மாட்டார்கள். ஆனாலும் சரியான இடத்தில் சரியான சொல்லை எழுதினார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு டிசம்பர் 31 அன்றும், ஆலயத்துக்குப் புறப்படும் முன், முடியப்போகிற ஆண்டின் அட்டையைத் திருப்பி நடந்ததை எழுதி, பிஸ்கட் டப்பாவில் போட்டு வைக்கிறார்கள். பேத்தி பிறந்ததும், மழையில் சுவர் இடிந்ததும் அதில் இருக்கின்றன.

உங்கள் தந்தையின் பெயரும் உங்கள் சபையில் இந்த முறை வாசிக்கப்படலாம். அதைக் கேட்பதற்காகவாவது போங்கள். தட்டில் கைவைக்க மனம் வராவிட்டால் வைக்க வேண்டாம். என் அம்மாவும் அந்த ஆண்டு வைக்கவில்லை, நான்தான் எடுத்துக்கொண்டு வந்து அவர்கள் பைபிளுக்குள் வைத்தேன்.