உச்சக்காட்சியைக் கற்பிப்பது எப்படி? – கேள்வி பதில்

கேள்வி: நாடக அமைப்பை, ஏறி உச்சம் தொட்டு இறங்கும் முக்கோணமாக வரையச் சொன்னால் மாணவர்கள் சரியாக வரைந்துவிடுகிறார்கள். உச்சம் எது என்று கேட்டால் மட்டும், அதிகக் கூச்சல் எழும் இடத்தையே காட்டுகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: முக்கோணத்தைச் சில வகுப்புகளுக்கு ஒதுக்கிவைத்துவிட்டு, "எந்த வரிக்குப் பிறகு இந்தப் பாத்திரம் பழைய நிலைக்குத் திரும்ப முடியாது?" என்ற ஒரே கேள்வியை முன்வையுங்கள். இதற்குச் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதை மிகவும் ஏற்றது. அது காப்பியத்தின் பகுதியே ஆயினும், பெரிதும் உரையாடலால் நகர்வது. கதையும் எல்லோருக்கும் தெரியும். கண்ணகி சிலம்பை உடைக்கும் இடமே உச்சம் என்று பெரும்பாலோர் சொல்வார்கள். அதற்குச் சற்று முந்திய வரிகளைப் படிக்கச் சொல்லுங்கள். தன் சிலம்பின் பரல் (உள்ளே ஒலிக்கும் கல்) மணி என்கிறாள் கண்ணகி. பாண்டியன் அவள் சொன்னதைச் செவ்விய நன்மொழி என்று ஏற்று, "யாமுடைச் சிலம்பு முத்துடை அரியே" (எம் சிலம்பின் பரல் முத்து) என்று கூறி, கோவலனிடமிருந்து கைப்பற்றிய சிலம்பைக் கொண்டுவரப் பணிக்கிறான். அந்த வரியில் யாரும் குரலை உயர்த்தவில்லை. ஆனால் தன் தீர்ப்பு சரியா தவறா என்பதைக் காட்டிவிடும் சோதனையை அவனே வகுத்துவிட்டான். சிலம்பு உடைவதும், மணி தெறிப்பதும், "யானே கள்வன்" என்று அவன் வீழ்வதும் அதன் பிறகு தவிர்க்க முடியாதவை. இல்லை, உடைக்கும் கணமே உச்சம் என்று ஒரு மாணவர் வாதிட்டால் மறுக்க வேண்டாம், காரணத்தைக் கேளுங்கள். அந்த விவாதமே பாடம்.

கேள்வி: அமைப்பையாவது படம் போட்டு விளக்கலாம். தொனியை எப்படி விளக்குவது?

பதில்: விளிச்சொற்களைப் பட்டியலிடச் சொல்லித் தொடங்குங்கள். அதே காட்சியில் பாண்டியன் கண்ணகியை முதலில் "மடக்கொடியோய்" என்று இரக்கத்தோடு விளிக்கிறான். கள்வனைக் கொல்வது கொடுங்கோல் அன்று என்று வாதிடும்போது "பெண்ணணங்கே" என்கிறான். சிலம்பை வரவழைக்கும் இடத்தில் அவள் அவனுக்குத் "தேமொழி" ஆகிவிடுகிறாள். அவளோ "தேரா மன்னா" என்றே பேச்சைத் தொடங்கியவள். அவளுடைய சினம் தணியாதிருக்க, அவனுடைய சொல் மேலும் மேலும் கனிகிறது. கனியக் கனிய அவன் அழிவை நெருங்குகிறான். காதையின் தொடக்கத்திலேயே கோப்பெருந்தேவியின் தீக்கனாவைக் கேட்டுவிட்ட நமக்கு, அந்த நிதானம்தான் அச்சமூட்டுகிறது. அரசனின் வரிகளை ஒருமுறை சினத்தோடும் மறுமுறை அமைதியாகவும் இரண்டு மாணவர்களை உரக்கப் படிக்கச் செய்யுங்கள். சினத்தோடு படித்தால் ஒரு கொடுங்கோலன் தண்டனை பெறுவதாகத் தோன்றும். அமைதியாகப் படித்தால் நீதியை நம்பிய ஒருவன் நொறுங்குவதாகத் தோன்றும். தொனி என்பது சொல்லின் மேல் பூசப்படுவதன்று, பொருளையே மாற்றுவது என்பதை மாணவர்கள் தம் காதாலேயே உணர்ந்துகொள்வார்கள்.

கேள்வி: உச்சத்தை ஒட்டி நகைச்சுவை வந்தால் அழுத்தம் குறையாதா?

பதில்: இடம் அறிந்து வைத்தால் கூடும். ஷேக்ஸ்பியரின் மேக்பெத்தில் மன்னன் கொலையுண்ட உடனே, கதவு விடாமல் தட்டப்பட, குடிமயக்கத்தில் இருக்கும் வாயிற்காவலன் தன்னை நரகத்தின் காவலனாகப் பாவித்துப் பேசிக்கொண்டே நேரத்தைக் கடத்துகிறான். உள்ளே பிணம் கிடப்பது நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. அந்தப் பகுதியை நீக்கிவிட்டு ஒருமுறை படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: உச்சம் நாடகத்தின் நடுவில் வருமா, இறுதியில் வருமா? நூல்கள் முரண்படுகின்றனவே?

பதில்: இரண்டும் உண்டு. ஜெர்மானிய எழுத்தாளர் குஸ்தாவ் ஃப்ரைடாக் 1863-இல் வெளியிட்ட ஐந்து பகுதி அமைப்பில் உச்சம் நடுவே நிற்கிறது. ஜூலியஸ் சீசர் நாடகத்தின் மூன்றாம் அங்கம் அதற்குப் பொருந்தும்: சீசரைக் கொன்றதற்குப் புரூட்டஸ் உரைநடையில் நிதானமாக நியாயம் சொல்லிவிட்டுப் போக, ஆன்டனி செய்யுளில் பேசிக் கூட்டத்தையே திருப்பிவிடுகிறான். சோஃபோக்ளிஸின் ஈடிப்பஸ் நாடகத்திலோ, தன் பிறப்பு குறித்த உண்மையை அவன் அறிவது ஏறக்குறைய இறுதியில்தான். மாணவர்களுக்கு நான் பரிந்துரைப்பது, சிலப்பதிகார உரையாசிரியர் அடியார்க்குநல்லார் தரும் முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என்னும் ஐந்து சந்திகளை, அதாவது நாடகக் கதை வளரும் ஐந்து கட்டங்களை. விதை முளைப்பது முதல் விளைந்ததை அறுத்து உண்பது வரை பயிரின் வளர்ச்சியாக அவை விளக்கப்படுவதால், உச்சம் எந்தப் பக்கத்தில் வருகிறது என்பதைவிட, எப்போது விதைக்கப்பட்டது என்பதையே மாணவர்கள் தேடத் தொடங்குவார்கள்.

கேள்வி: என் மாணவர்கள் சொந்தமாக எழுதும் நாடகங்களில் உச்சக்காட்சி திடீரென்று வந்து விழுகிறது.

பதில்: பின்னிருந்து முன்னோக்கி எழுதச் சொல்லுங்கள். உச்சத்தின் அந்த ஒரு வரியை முதலில் எழுதட்டும். அதைக் கேட்கும் முன் பார்வையாளர் எதை அறிந்திருக்க வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டும், எதை விரும்ப வேண்டும் என்று மூன்று குறிப்புகள் எழுதி, ஒவ்வொன்றையும் முந்தைய காட்சி ஒன்றில் வைக்கட்டும். முதல் வரைவில் ஆச்சரியக்குறி, பின்னணி இசை, அழுகை மூன்றுக்கும் தடை விதியுங்கள். வாக்கியத்தின் நீளமும் மௌனமுமே வேலை செய்ய வேண்டும் என்ற நெருக்கடியில்தான் உரையாடல் கூர்மை பெறும்.

கேள்வி: மதிப்பெண் எப்படி இடுவது?

பதில்: பகுதிகளின் பெயர்களைச் சரியாகக் குறித்ததற்குக் குறைவாகவும், உச்ச வரியைச் சுட்டி அதற்கு வழியமைத்த முந்தைய இரண்டு இடங்களை மூலத்திலிருந்து எடுத்துக்காட்டியதற்கு நிறைவாகவும் இடுங்கள்.