மாதக்கணக்கில் நிற்கும் மோட்டார் சைக்கிளின் பேட்டரியை டிரிக்கிள் சார்ஜரில் போட்டே வைக்கலாமா?

மூன்று மாதம் வண்டியை எடுக்கப் போவதில்லை, டிரிக்கிள் சார்ஜரை, அதாவது சிறிதளவு மின்சாரத்தை மெதுவாகத் தொடர்ந்து தரும் சார்ஜரை, மாட்டி அப்படியே விட்டுவிடலாமா, அல்லது அதனாலேயே பேட்டரி கெட்டுவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். விட்டுவிடலாம், ஆனால் உங்களிடம் இருக்கும் சார்ஜர் எந்த வகை என்பது முதலில் தெரிய வேண்டும். டிரிக்கிள் சார்ஜர் என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு கருவிகள் விற்பனையாகின்றன. அந்த வேறுபாடு தெரியாமல் நல்ல பேட்டரி ஒன்றை நானே பாழாக்கியிருக்கிறேன்.

அப்போது என்னிடம் இருந்தது ஒரு டிரான்ஸ்ஃபார்மரும் டையோடும் மட்டுமே கொண்ட பழைய பாணிச் சார்ஜர். பேட்டரி நிறைந்ததா இல்லையா என்று அதற்குத் தெரியாது. மாட்டியிருக்கும் வரை ஏறத்தாழ அரை ஆம்பியர் மின்சாரத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். அரை ஆம்பியர்தானே என்று 9 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள பேட்டரியில் அதை மாட்டிவிட்டு, மூன்று வாரம் கழித்துச் சீட்டைக் கழற்றிப் பார்த்தேன். பேட்டரியின் பக்கவாட்டில் காதை வைத்தால் சோடா பாட்டிலைத் திறந்ததுபோல மெல்லிய இரைச்சல் கேட்டது. வெளுத்த பிளாஸ்டிக் சுவர் வழியாகப் பார்த்தபோது அமிலத்தின் மட்டம் கீழ்க்கோட்டுக்கும் வெகு கீழே இறங்கி, தட்டுகளின் மேல்பாதி காய்ந்து நின்றது.

ஏன் அப்படி ஆனது என்பதைப் பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நிறைந்துவிட்ட ஈய-அமில பேட்டரிக்குள் மேலும் செலுத்தப்படும் மின்சாரத்துக்குச் செய்ய வேறு வேலை இல்லாததால், அது தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கிறது. ஓர் ஆம்பியர்-மணி, அதாவது ஓர் ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடும் அளவு, மிகுதியாகச் சென்றால் பேட்டரிக்குள் இருக்கும் ஒவ்வோர் அறையிலும் (செல்) ஏறத்தாழ மூன்றில் ஒரு கிராம் தண்ணீர் போய்விடும். அரை ஆம்பியர் ஒரு நாள் முழுவதும் ஓடினால் 12 ஆம்பியர்-மணி, அதாவது அறை ஒன்றுக்கு நாளொன்றுக்கு 4 கிராம். சிறிய பேட்டரியின் ஓர் அறையில் இருக்கும் திரவமே கொஞ்சம்தான் என்னும்போது, மூன்று வாரம் அதற்குத் தாராளமாகப் போதும்.

இரண்டாவது வகை, தானாகக் கட்டுப்படுத்திக்கொள்ளும் சார்ஜர். பேட்டரி மெயின்டெய்னர் என்றும் சொல்வார்கள். அது முதலில் மின்னழுத்தத்தை 14.4 வோல்ட் அளவுக்கு உயர்த்தி பேட்டரியை நிரப்புகிறது, நிறைந்ததும் 13.2 முதல் 13.8 வோல்ட்டுக்குள் இறங்கி, பேட்டரி தானாக இழக்கும் அளவை மட்டும் ஈடுசெய்துகொண்டு நிற்கிறது. இந்த வகையை மாதக்கணக்கில் மாட்டி வைப்பதில் தவறில்லை.

உங்களுடையது எந்த வகை என்று கண்டுபிடிக்க அட்டைப்பெட்டியின் வாசகங்களை நம்ப வேண்டாம், மின்னழுத்தத்தை அளக்கும் மல்டிமீட்டர் ஒன்று போதும். சார்ஜரை மாட்டி ஒரு முழு நாள் கழித்து, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரியின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 13 வோல்ட்டுக்கு மேல், 13.8-க்குள் நின்றால் நிம்மதியாக விட்டுவிடலாம். பேட்டரி நிறைந்த பிறகும் 14-க்கு மேலேயே நின்றால் அது பழைய வகை. மாதத்துக்கு ஒருமுறை சில மணி நேரம் மட்டும் மாட்டி எடுத்துவிட வேண்டும். மறதி உள்ளவர்கள் அதற்கு ஒரு டைமரை வைத்துக்கொள்வது நல்லது. எனக்கு மறதி உண்டு.

வண்டி சும்மா நின்றால் பேட்டரி ஏன் இறங்குகிறது என்ற ஐயமும் உங்கள் கேள்விக்குள் இருக்கிறது. காரணம் இரண்டு. ஒன்று, ஈய-அமில பேட்டரி எதிலும் இணைக்கப்படாமல் இருந்தாலும் மெதுவாகத் தானே இறங்கும். சூடு கூடக்கூட இந்த வேகமும் கூடும். மற்றொன்று, சாவியை எடுத்த பிறகும் கடிகாரம், திருட்டுத் தடுப்பு அலாரம், கண்காணிப்புக் கருவி போன்றவை உறிஞ்சும் மின்சாரம். வெறும் 3 மில்லி ஆம்பியர் என்றாலும் 30 நாளில் அது 2 ஆம்பியர்-மணிக்குச் சற்று மேல். 9 ஆம்பியர்-மணி பேட்டரியில் ஏறக்குறைய கால்பங்கு. மூன்று மாதத்தில் செல்ஃப் எடுக்காததில் வியப்பில்லை. சார்ஜர் வைக்க வழியில்லாதவர்கள் எதிர்முனையை, அதாவது கறுப்பு ஒயரைக் கழற்றி வைத்தாலே இந்த இரண்டாவது இழப்பு நின்றுவிடும்.

இறங்கிய பேட்டரியை அப்படியே விட்டு வைப்பதுதான் பெரிய தீங்கு. மின்சாரம் வெளியேறும்போது இரு தட்டுகளிலும் ஈய சல்பேட் படிகிறது. உடனே மின்னேற்றினால் அது கரைந்து பழைய நிலைக்குத் திரும்பும். வாரக்கணக்கில் விட்டால் படிகங்கள் பெரிதாகி இறுகி, பிறகு எவ்வளவு மின்சாரம் கொடுத்தாலும் முழுமையாகத் திரும்பாது. ஆகவே சார்ஜர் இல்லாத நிலையில், ஓய்வில் இருக்கும் பேட்டரி 12.4 வோல்ட்டுக்குக் கீழே போகுமுன் மின்னேற்றிவிடுவது என் வழக்கம். முழுமையாக நிறைந்த பேட்டரி ஓய்வில் 12.6 முதல் 12.8 வோல்ட் காட்டும், 12.2 என்றால் பாதி காலி. சார்ஜரை எடுத்தவுடனே அளந்தால் எண் கூடுதலாகவே வரும் என்பதால், சில மணி நேரம் விட்டு அளக்க வேண்டும்.

இதற்குப் பதிலாக வாரம் ஒருமுறை வண்டியைக் கிளப்பி நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் ஓட விடலாமே என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஐடிலிங்கில் முகப்பு விளக்குக்கும் இக்னிஷனுக்கும் போக மிஞ்சும் மின்சாரம் மிகக் குறைவு. பேட்டரியின் கடைசி ஐந்திலொரு பங்கு நிறையவோ மணிக்கணக்கில் நேரம் வேண்டும். போதாக்குறைக்கு, எஞ்சின் முழுச் சூட்டை எட்டாததால் சைலன்சரிலும் ஆயிலிலும் ஈரம் தங்கும்.

சார்ஜர் வாங்கும்போது பேட்டரிக் கொள்ளளவின் பத்தில் ஒரு பங்கைக் கணக்காக வைத்துக்கொள்ளுங்கள். 9 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு ஓர் ஆம்பியருக்குள் தரும் சார்ஜர் போதும். கார் பேட்டரிக்கான 8, 10 ஆம்பியர் சார்ஜர் இதற்கு ஆகாது. மாட்டும்போது முதலில் சிவப்பு, பிறகு கறுப்பு, அதன் பிறகே சுவரில் சுவிட்ச். எடுக்கும்போது முதலில் சுவிட்சை அணைக்க வேண்டும். காரணம் தீப்பொறி. பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் காற்றில் 4 விழுக்காட்டைத் தாண்டினாலே பற்றக்கூடியது என்பதால், மூடிய பெட்டிக்குள்ளோ அலமாரிக்குள்ளோ வைத்து மின்னேற்றக் கூடாது. அடிக்கடி மாட்டிக் கழற்றுவதாக இருந்தால், ஃபியூஸ் உள்ள ஓர் ஒயரை பேட்டரி முனைகளில் நிரந்தரமாக முடுக்கி, அதன் பிளக்கைச் சீட்டுக்கு வெளியே கொண்டுவந்துவிடுங்கள். நான் அப்படிச் செய்த பிறகு ஸ்பேனரைத் தேடும் வேலை ஒழிந்தது.

தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரி என்றால் மாதம் ஒருமுறை மட்டத்தைப் பார்த்து டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே சேர்க்க வேண்டும். போனது தண்ணீர்தான், அமிலம் அல்ல. மேற்கோடு வரை நிரப்புவதை மின்னேற்றம் முடிந்த பிறகு செய்யுங்கள், முன்பே நிரப்பினால் வழியும். மூடி திறக்க முடியாத சீல் பேட்டரியில் இழந்த தண்ணீரைத் திரும்பச் சேர்க்க வழியே இல்லை. ஆகவே அதற்குப் பழைய வகைச் சார்ஜரைத் தொடர்ந்து மாட்டி வைப்பது இன்னும் மோசம். லித்தியம் பேட்டரி போட்டிருந்தால், அதற்கென்றே குறிப்பிட்ட சார்ஜரைத்தான் பயன்படுத்த வேண்டும். சல்பேட்டை உடைப்பதற்காகச் சில சார்ஜர்கள் அனுப்பும் உயர் மின்னழுத்தத் துடிப்பு லித்தியத்துக்கு ஆகாது.

உங்கள் பேட்டரி ஏற்கெனவே ஒருமுறை முழுமையாக இறங்கியது என்று எழுதியிருந்ததால் ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். முழுமையாக மின்னேற்றி, சார்ஜரைக் கழற்றி, எதிர்முனை ஒயரையும் எடுத்துவிட்டு ஓர் இரவு வையுங்கள். காலையில் 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் இருந்து, மீண்டும் இணைத்து செல்ஃப் அடிக்கும் கணத்தில் 9.6-க்குக் கீழே விழாமலும் இருந்தால், மூன்று மாதத்துக்கு மெயின்டெய்னரை மாட்டலாம். ஒரே இரவில் 12.2 அளவுக்கு வந்துவிட்டால் அந்த பேட்டரிக்காகச் சார்ஜர் வாங்காதீர்கள். புது பேட்டரியை வாங்கி, முதல் நாளிலிருந்தே அதை மெயின்டெய்னரில் போடுங்கள்.