ஜெனீவாவில் மூன்று வாரம்: ஒன்பதாயிரம் வெள்ளி செலவு செய்யலாமா?

கேள்வி: என் மகள் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அனைத்துலக அமைப்புகள், சட்டம், அரசதந்திரம் பற்றி ஜெனீவாவில் நடக்கும் மூன்று வாரக் கோடைக்கால வகுப்பில் சேர ஆசைப்படுகிறாள். விமான டிக்கெட், தங்குமிடம் எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரம் வெள்ளி ஆகும் போலிருக்கிறது. படித்து வந்தால் ஐநாவில் வேலை கிடைக்குமா? நாங்கள் நிரந்தரவாசிகள். மகளிடம் இந்தியக் கடப்பிதழ் இருக்கிறது.
– செங்காங் வாசகி

பதில்: அந்த வகுப்பால் வேலை கிடைக்காது. ஐநா தலைமைச் செயலகத்தில் பயிற்சிப் பணிக்கு விண்ணப்பிக்கவே இளநிலைப் பட்டத்தின் இறுதியாண்டிலாவது இருக்க வேண்டும். அதற்குச் சம்பளமும் இல்லை. இளம் நிபுணர்களுக்கான ஐநா தேர்வுக்கு வயது வரம்பு 32. அதோடு, விண்ணப்பிப்பவரின் நாடு அந்த ஆண்டுப் பட்டியலில் இடம்பெற்றிருக்க வேண்டும். கோடைக்கால வகுப்பின் சான்றிதழ் இந்தக் கதவுகள் எதையும் திறப்பதில்லை. சிங்கப்பூர் வெளியுறவுச் சேவையோ குடிமக்களுக்கு மட்டும் உரியது. மகளுக்கு அந்த ஆசை இருந்தால், குடியுரிமையைப் பற்றித்தான் வீட்டில் முதலில் பேச வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகும், போக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ‘தீர்மானம் நிறைவேறியது’ என்று பாடநூல் ஒரே வரியில் முடித்துவிடும் இடத்தில், ஒரு காற்புள்ளிக்காக இரண்டு நாடுகள் நள்ளிரவு வரை மல்லுக்கட்டியிருக்கும். அதைக் கண்ணால் பார்த்த மாணவர் திரும்பி வந்து எழுதும் கட்டுரையே வேறு மாதிரி இருக்கும். ஆனால் அது கண்ணில் பட வேண்டுமானால் போகும் மாதம் சரியாக இருக்க வேண்டும். அனைத்துலகத் தொழிலாளர் மாநாடு ஆண்டுதோறும் ஜூனில் ஜெனீவாவில் கூடுகிறது. மனித உரிமை மன்றத்தின் கோடைக் கூட்டத்தொடர் ஜூனில் தொடங்கி ஜூலை வரை நீள்வது வழக்கம். ஐநாவின் அனைத்துலகச் சட்ட ஆணையமும் பெரும்பாலான ஆண்டுகளில் ஜூலையில் அங்கே அமர்ந்திருக்கும். ஆகஸ்ட்டு நடுவில் போனால் பெரிய கூட்டங்கள் குறைவு. வழிகாட்டியோடு மண்டபங்களைச் சுற்றிப் பார்க்கலாம், அவ்வளவுதான். நம் பல்கலைக்கழகங்களில் மே தொடக்கத்திலேயே தேர்வு முடிந்துவிடுவதால் ஜூன், ஜூலையில் போவது உங்கள் மகளுக்கு எளிது. இதே வகுப்பு இரண்டு தவணைகளில் நடந்தால் கண்ணை மூடிக்கொண்டு முதல் தவணையைத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்து, நடத்துபவர் யார் என்று பாருங்கள். ஜெனீவாவில் 1927 முதல் இயங்கும் பட்டமேற்படிப்புக் கழகம் போன்ற கல்வி நிறுவனம் தன் சொந்தப் பேராசிரியர்களை வைத்து நடத்துவது ஒரு வகை. வாடகை மண்டபத்தில் ‘உலகத் தலைவர்கள்’ என்ற பெயரில் ஏதோ ஒரு நிறுவனம் நடத்துவது இன்னொரு வகை. இரண்டாவதுக்கு என் பணத்தைத் தர மாட்டேன். நல்ல பல்கலைக்கழகமே நடத்தினாலும் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். ஐரோப்பிய முறையில் ஒரு மதிப்பலகு என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. ஆறு அலகுகள் என்றால் குறைந்தது 150 மணி நேரம். மூன்று வாரத்தில் அது வாரத்துக்கு 50 மணி நேரம் ஆகிறது. நிகழ்ச்சி நிரலில் ஏரிப் படகுச் சவாரியும் சாக்லேட் தொழிற்சாலையும் நான்கு பிற்பகல்களை எடுத்துக்கொண்டால் மீதி நேரம் எங்கிருந்து வரும்? முன்கூட்டியே படிக்க வேண்டிய பட்டியலும் பின்னர் ஒப்படைக்க வேண்டிய கட்டுரையும் இருந்தால் சரி. இல்லாவிட்டால் அந்த அலகுகளை இங்குள்ள துறை ஏற்பது சந்தேகமே. முன்பணம் கட்டுவதற்கு முன், பாடத்திட்டத்தை மகளின் துறைக்கு அனுப்பி, ஏற்பார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நெதர்லாந்தின் ஹேக் நகரிலுள்ள அனைத்துலகச் சட்டக் கழகத்தைப் பற்றி யாராவது சொல்லியிருக்கலாம். 1923 முதல் பாடம் நடத்திவரும் இடம். அமைதி மாளிகை வளாகத்தில் மூன்று வாரம் பொது அனைத்துலகச் சட்டம், மூன்று வாரம் தனியார் அனைத்துலகச் சட்டம் என்று நடக்கிறது. சிறப்பான இடம்தான். ஆனால் சட்டத்தில் நல்ல அடித்தளம் உள்ளவர்களுக்கானது. இரண்டாம் ஆண்டு அரசியல் அறிவியல் மாணவர் இப்போது அங்கே போனால் பாதி விரிவுரை தலைக்கு மேலே போகும்.

மகளின் ஆர்வம் எவ்வளவு ஆழமானது என்று தெரிந்துகொள்ள ஒரு வெள்ளிகூடச் செலவில்லாத வழி உண்டு. பெட்ரா பிராங்கா தீவு யாருக்கு என்று சிங்கப்பூரும் மலேசியாவும் மோதிய வழக்கில் அனைத்துலக நீதிமன்றம் 2008 மே 23 அன்று வழங்கிய தீர்ப்பைப் படிக்கச் சொல்லுங்கள்; நீதிமன்றத்தின் இணையத்தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. நீதிமன்றத்தில் நம் முகவராக நின்றவர் டாமி கோ. வாதாடியவர்களில் அப்போதைய துணைப் பிரதமர் எஸ். ஜெயகுமாரும் ஒருவர். அந்தத் தீவுக்கு உரிமை கோரவில்லை என்று ஜொகூரின் தற்காலிக மாநிலச் செயலாளர் 1953இல் எழுதிய கடிதத்துக்கு நீதிபதிகள் பெரும் எடை தந்தார்கள். தீவு சிங்கப்பூருக்கு, அருகிலுள்ள மிடில் ராக்ஸ் பாறைகள் மலேசியாவுக்கு என்று தீர்ப்பானது. ஒரு கடிதத்தைப் பற்றி இத்தனை பக்கமா என்று பாதியில் மூடி வைத்தால், இந்த ஆண்டுப் பயணத்தை ஒத்திப்போடலாம். எதிர்த்து வாக்களித்த நீதிபதிகளின் கருத்துகளையும் தேடிப் படிக்கத் தொடங்கிவிட்டால், தயங்காமல் அனுப்புங்கள்.

அனுப்புவதென்று முடிவானால் விசா வேலையை உடனே தொடங்குங்கள். சுவிட்சர்லாந்து உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா, சிங்கப்பூர்க் கடப்பிதழ் வைத்திருக்கும் தோழிகளுக்குத் தேவையில்லை; உங்கள் மகளுக்குத் தேவை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்குக் குறைவாக இருக்கும்போது விண்ணப்பிக்கக் கூடாது என்பது விதி. கோடையில் சந்திப்பு நேரம் கிடைப்பதே சிரமம் என்பதால் அந்தக் கடைசி நாளை நம்ப வேண்டாம். குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்புறுதி கட்டாயம். ஜெனீவாவில் தங்குமிடம் விலை அதிகம் என்று எல்லைக்கு அப்பால் பிரெஞ்சுப் பக்கம் அறை எடுப்பவர்கள் உண்டு. இரு பக்கமும் ஷெங்கன் பகுதிதான், ஒரே விசா போதும். ஆனால் ஒரு பக்கம் பிராங்க், மறுபக்கம் யூரோ. நிரந்தரவாசத் தகுதியோடு சிங்கப்பூர் திரும்ப மகளுக்குத் தேவையான மறுநுழைவு அனுமதி எந்தத் தேதியோடு காலாவதியாகிறது என்பதையும் பாருங்கள். விசாவுக்கு ஓடும் அவசரத்தில் நிரந்தரவாசிகள் பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.