கண்ணாடியில் முகம் தெரியவில்லையே! – கேம் கிராஃபிக்ஸ் கேள்வி பதில்

ரெமெடி நிறுவனத்தின் ‘கன்ட்ரோல்’ 2019 ஆகஸ்டில் வெளிவந்தது. நாயகி ஜெஸ்ஸியின் தோளுக்குப் பின்னால் கேமரா நிற்கும்; ஒளி, தூசி, கண்ணாடி, கான்கிரீட் எல்லாம் சினிமா ஒளிப்பதிவின் கவனத்தோடு அமைந்த துப்பாக்கிச் சண்டை கேம் அது. அதைப் பற்றியும், அதே நிறுவனத்தின் ‘குவான்டம் பிரேக்’, ‘ஆலன் வேக் 2’ பற்றியும் வந்த கேள்விகளை இந்த முறை எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: கன்ட்ரோலில் கண்ணாடிச் சுவருக்கு எதிரே ஜெஸ்ஸியை நிறுத்தினால் அவள் முகம் கண்ணாடியில் தெரிவதில்லை. பளபளப்பான தரையில் தெரிகிற விளக்கின் பிம்பமும் கேமராவைக் கீழே தாழ்த்தினால் மறைந்துவிடுகிறது. கிராஃபிக்ஸ் கார்டில் ஏதாவது கோளாறா?

பதில்: கார்டு நன்றாகத்தான் இருக்கிறது. தரையில் நீங்கள் பார்ப்பது ‘ஸ்கிரீன் ஸ்பேஸ் ரிஃப்ளெக்‌ஷன்’ என்ற உத்தி. பிம்பத்துக்கு வேண்டிய நிறத்தை அது திரையில் ஏற்கெனவே வரைந்து முடித்த படத்திலிருந்துதான் எடுக்கும். திரைக்கு வெளியே ஒரு உலகம் இருப்பதே அதற்குத் தெரியாது. கேமரா தாழ்ந்ததும் கூரை விளக்கு திரையை விட்டு வெளியேறியது. கூடவே அதன் பிம்பமும் போனது.

தோளுக்குப் பின்னால் கேமரா வைக்கும் கேம்களில் இந்தக் குறை இன்னும் பளிச்சென்று தெரியும். கேமரா பார்ப்பது ஜெஸ்ஸியின் முதுகை. எதிர்க் கண்ணாடி காட்ட வேண்டியது அவள் முகத்தை. அந்த முகம் திரையில் எங்குமே வரையப்படவில்லை, பிறகு எங்கிருந்து எடுப்பது? ஆகவே கண்ணாடிகளுக்குப் பெரும்பாலும் முன்கூட்டியே எடுத்து வைத்த சுற்றுப்புறப் படம் ஒன்றை ஒட்டிவிடுவார்கள். அதில் அறை இருக்கும், ஆள் இருக்கமாட்டார்.

ஒளிக்கதிர் போகும் பாதையைக் கணக்கிடும் ‘ரே டிரேசிங்’ இதை வேறு வழியில் செய்கிறது. காட்சியில் உள்ள பொருள்களைக் கட்டும் முக்கோணங்களை எல்லாம் பெட்டிக்குள் பெட்டியாக அடுக்கி மெமரியில் வைத்துக்கொள்ளும். கண்ணாடியில் பட்டுத் திரும்பும் கதிர் அந்தப் பெட்டிகளைத் துழாவி, கேமராவுக்குத் தெரியாத முகத்தையும் கண்டுபிடித்துவிடும்.

கன்ட்ரோல், விண்டோஸில் கேமையும் கார்டையும் இணைக்கும் டைரக்ட்எக்ஸின் பதிப்பு 11க்கு ஒன்றும் 12க்கு ஒன்றுமாக இரண்டு இயக்கு கோப்புகளோடு வருகிறது. 12இல் திறந்தால்தான் ரே டிரேசிங் கிடைக்கும். ‘செட்டிங்ஸில் அந்த வரியே இல்லை’ என்பவர்கள் பெரும்பாலும் 11இல் திறந்திருப்பார்கள். உள்ளே ஐந்து தேர்வுகள் உண்டு: பிரதிபலிப்பு, ஒளி ஊடுருவும் பரப்புகளின் பிரதிபலிப்பு, சுவரில் பட்டுச் சிதறும் மறைமுக ஒளி, தொடுநிழல், சிதறும் துண்டுகள். முதல் இரண்டை மட்டும் போடுங்கள். இந்தக் கேமின் கட்டடமே கண்ணாடியும் மெருகேற்றிய தரையும்தான். கொடுக்கும் விலைக்குக் கண்ணில் படும் பலன் அங்கேதான் அதிகம். கார்டில் இன்னும் இடம் இருந்தால் தொடுநிழலைச் சேருங்கள். மேசைமேல் கிடக்கும் காகிதம் மிதப்பதுபோல் தெரியாமல் மேசையில் படிந்து கிடக்கும். மறைமுக ஒளி கடைசியாக வரட்டும். அழகானது, ஆனால் கனமானது.

கேள்வி: எல்லா செட்டிங்ஸையும் ‘லோ’வில் வைத்துவிட்டேன். எஃப்.பி.எஸ். (செகண்டுக்கு வரும் படங்கள்) 45ஐத் தாண்டவே மாட்டேன் என்கிறது. புது கார்டு வாங்க வேண்டுமா?

பதில்: வாங்குவதற்கு முன் இரண்டு நிமிடச் சோதனை ஒன்றைச் செய்துவிடுங்கள். கன்ட்ரோலில் திரையின் ரெசல்யூஷன் (புள்ளிகளின் எண்ணிக்கை) தனி, உள்ளே படம் வரையும் ரெசல்யூஷன் தனி. ஓரிடத்தில் அசையாமல் நின்று எஃப்.பி.எஸ்.ஐக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வரையும் ரெசல்யூஷனை மட்டும் ஆகக் குறைந்த அளவுக்கு இறக்குங்கள்.

எண் சட்டென்று ஏறினால், வேகத்தைத் தடுக்கும் இடுக்கு கிராஃபிக்ஸ் கார்டில். அப்படியே 45இல் நின்றால் பிராசஸரில். அந்த நிலையில் எவ்வளவு விலைக்குக் கார்டு வாங்கினாலும் 45தான். பிராசஸர்தான் காரணம் என்றால் தொலைவுப் பொருள்களின் விவரத்தைக் குறையுங்கள், ரே டிரேசிங்கை நிறுத்திப் பாருங்கள். பலரும் ரே டிரேசிங் கார்டின் வேலை மட்டுமே என்று நினைக்கிறார்கள். மேலே சொன்ன பெட்டி அடுக்கில் நடமாடும் ஆட்களையும் பறக்கும் நாற்காலிகளையும் ஒவ்வொரு ஃபிரேமிலும், அதாவது ஒவ்வொரு படத்துக்கும், திருத்தி வைக்க வேண்டும். அதற்கான ஏற்பாட்டில் பிராசஸருக்கும் பங்கு உண்டு.

கார்டுதான் காரணம் என்றால் முதலில் விளிம்புகளை வழவழப்பாக்கும் எம்.எஸ்.ஏ.ஏ.வை நிறுத்துங்கள், அடுத்து தூசியிலும் பனியிலும் பாயும் ‘வால்யூமெட்ரிக்’ ஒளியை ஒரு படி இறக்குங்கள். நிழல் மூன்றாவது. டெக்ஸ்ச்சரை (பரப்புகளின் மேல் ஒட்டும் படங்களை) குறைப்பதால் எஃப்.பி.எஸ். அநேகமாக ஏறாது, வீடியோ மெமரி நிரம்பி வழிந்தால் மட்டுமே அது உதவும்.

கேள்வி: 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் எஃப்.பி.எஸ். 50 காட்டுகிறது. ஆனாலும் கேமரா திரும்பும்போது விக்கி விக்கி நகர்கிறது.

பதில்: மானிட்டர் 16.7 மில்லி செகண்டுக்கு ஒருமுறை படத்தை மாற்றும். உங்கள் கார்டுக்கு ஒரு படம் வரைய 20 மில்லி செகண்ட் ஆகிறது. செகண்டுக்கு 60 இடங்களை 50 படங்களால் நிரப்ப வேண்டியிருப்பதால், படங்களை மானிட்டரின் தாளத்துக்குக் காத்திருக்க வைக்கும் வி-சிங்க் போட்டிருந்தால் ஐந்தில் ஒரு படம் இருமுறை நிற்கும். அந்த நிற்றல்தான் விக்கல். எஃப்.பி.எஸ்.ஐ 30இல் பூட்டினால் ஒவ்வொரு படமும் சரியாக இரண்டு முறை நின்று ஓட்டம் சீராகும். 120 ஹெர்ட்ஸ் மானிட்டர் இருந்தால் 40இல் பூட்டுங்கள். 40 என்பது 25 மில்லி செகண்ட், 33.3க்கும் 16.7க்கும் சரியாக நடுவில் இருப்பது அதுதான்.

கேள்வி: சிறிய படமாக வரைந்து பெரிதாக்கும் என்விடியாவின் டி.எல்.எஸ்.எஸ். போட்டால் எஃப்.பி.எஸ். கிடைக்கிறது, ஆனால் பிரதிபலிப்புகள் கசங்கினாற்போல் தெரிகின்றன. எந்த அளவில் வைப்பது?

பதில்: உங்கள் மானிட்டரைப் பொறுத்தது. 4கே திரையில் ‘குவாலிட்டி’ என்றால் உள்ளே வரைவது 2560 × 1440, அதாவது மொத்தப் புள்ளிகளில் 44 சதவீதம். ‘பெர்ஃபார்மன்ஸ்’ என்றால் 1920 × 1080, கால் பங்கு. மீதியை முந்தைய ஃபிரேம்களிலிருந்து சேகரித்து நிரப்புகிறது. 4கேயில் பெர்ஃபார்மன்ஸ்கூட நன்றாக இருக்கும். 1080 திரையில் அதே பெர்ஃபார்மன்ஸ் 960 × 540இல் வரையும். அங்கே குவாலிட்டிக்குக் கீழே இறங்காதீர்கள்.

பிரதிபலிப்பு கசங்குவதற்குக் காரணம் கதிர்களின் எண்ணிக்கை. கதிர்களை உள்ளே வரையும் புள்ளிகளின் கணக்கில்தான் விடுவார்கள், பெரும்பாலும் புள்ளிக்கு ஒன்றோ அதற்கும் குறைவோ. அதில் கிடைப்பது மணல் தூவியது போன்ற படம். ‘டினாய்சர்’ என்ற மணல்நீக்கி அதைப் பக்கத்துப் புள்ளிகளோடும் பழைய ஃபிரேம்களோடும் கலந்து மழுப்புகிறது. உள் ரெசல்யூஷனைக் குறைத்தால் கதிரும் குறைகிறது, மழுப்பல் கூடுகிறது. கன்ட்ரோலில் ஜெஸ்ஸி ஒரு மேசையைத் தூக்கி வீசும்போது தரையைக் கவனியுங்கள். மேசை போய்ச் சேர்ந்த பிறகும் பிம்பத்தின் வால் ஒரு நொடிப்பொழுது தேங்கும். ஆலன் வேக் 2 வெளிவந்தபோதே டி.எல்.எஸ்.எஸ். 3.5இன் ‘ரே ரீகன்ஸ்ட்ரக்‌ஷன்’ அதில் இருந்தது. தனித்தனி டினாய்சர்களின் வேலையை ஒரே பயிற்சி பெற்ற வலைப்பின்னல் செய்வதால் இந்தத் தேக்கம் வெகுவாகக் குறைகிறது. உங்கள் கார்டு என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். வரிசையில் எதுவானாலும் அதை இயக்கலாம்.

பழைய ஃபிரேம்களைச் சேர்த்துப் படம் கட்டுவது ரெமெடிக்குப் புதிதல்ல. 2016இல் எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கு வந்த குவான்டம் பிரேக், நான்கு 720 ஃபிரேம்களைக் கோத்து 1080 படம் தந்தது. அசையாத காட்சியில் அழகு. ஓடும்போது உருவத்தின் பின்னால் ஆவி போல ஒரு நிழல் ஒட்டிக்கொண்டு வந்தது.

கேள்வி: குறி சரியாக எதிரியின் தலையில் இருக்கிறது. சுட்டால் குண்டு எனக்கு முன்னால் இருக்கும் தூணில் படுகிறது. இது பிழைதானே?

பதில்: பிழை இல்லை, கேமராவும் துப்பாக்கியும் வெவ்வேறு இடத்தில் இருப்பதன் விளைவு. இந்த வகைக் கேம்கள் பொதுவாக இரண்டு கோடு போடும். முதல் கோடு கேமராவிலிருந்து குறியின் நடு வழியாகப் போய் எங்கே முட்டுகிறது என்று பார்க்கும். இரண்டாவது, துப்பாக்கி முனையிலிருந்து அந்தப் புள்ளிக்கு. கேமரா வலத் தோளுக்கு மேலே, கொஞ்சம் பின்னால் இருப்பதால் தூணின் ஓரத்தைத் தாண்டிப் பார்த்துவிடுகிறது. துப்பாக்கி முனை இன்னும் தூணுக்குப் பின்னாலேயே இருக்கிறது.

தூணின் இடது ஓரத்தில் ஒளிந்து எட்டிப் பார்த்தால் இந்தச் சிக்கல் தலைகீழாகும். துப்பாக்கி வெளியே வந்துவிடும், கேமரா தூணில் மறையும். தோள் மாற்றும் பட்டன் இருக்கும் கேம்களில் எந்தப் பக்கம் எட்டுகிறீர்களோ அந்தப் பக்கத் தோளுக்குக் கேமராவை மாற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் தூணிலிருந்து அரை அடி விலகி நின்று சுடுங்கள்.

கேள்வி: டார்ச் ஒளி மூடுபனியில் பாயும்போது படிக்கட்டு மாதிரி கோடு கோடாகத் தெரிகிறது. ஏன்?

பதில்: மூடுபனியை ஒவ்வொரு புள்ளியிலும் ஆழம் முழுக்க நுணுக்கமாகக் கணக்கிட எந்தக் கார்டாலும் கட்டுப்படியாகாது. அதனால் கேமரா பார்க்கும் வெளியைக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொன்றிலும் எவ்வளவு ஒளி விழுகிறது, நிழல் இருக்கிறதா என்று மட்டும் கணக்கிட்டுச் சேர்த்துக்கொண்டே போவார்கள். வழக்கமான ஓர் அளவு: திரையில் 8 × 8 புள்ளிக்கு ஒரு கட்டம், ஆழத்தில் 64 அடுக்கு. 1920 × 1080 திரைக்கு அது 240 × 135 × 64, மொத்தம் 20,73,600 கட்டங்கள். திரையில் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கையும் அதேதான்! செட்டிங்ஸை இறக்கினால் கட்டங்கள் பெரிதாகும், குறுகலான டார்ச் ஒளியின் விளிம்பு கட்டத்துக்குக் கட்டம் தாவும். அதுதான் உங்கள் படிக்கட்டு. ‘மீடியம்’ போதும், ‘லோ’வில் வைத்தால் இந்தக் கேம்களின் முகமே போய்விடும்.

கேள்வி: என்விடியாவின் பழைய ஜி.டி.எக்ஸ். 1070 கார்டில் மற்ற கேம்கள் ஓடுகின்றன, ஆலன் வேக் 2 மட்டும் ஊர்கிறதே?

பதில்: 2023 அக்டோபரில் வந்த அந்தக் கேம் ‘மெஷ் ஷேடர்’ என்ற வசதியை நம்பிக் கட்டப்பட்டது. காட்டில் உள்ள ஒவ்வொரு மரத்தையும் சிறு சிறு முக்கோணக் குழுக்களாகப் பிரித்து, கண்ணுக்குத் தெரியாத குழுக்களை வரைவதற்கு முன்பே கார்டு தள்ளிவிடும். ஜி.டி.எக்ஸ். 10 வரிசையின் வன்பொருளில் அந்த வசதி கிடையாது, ஆகவே பழைய வழியில் சுற்றிப் போகிறது. 2024இல் வந்த அப்டேட் ஒன்று இந்த வரிசைக்காகவே வேகத்தைக் கூட்டியது; அதைப் போட்டுவிட்டு, டி.எல்.எஸ்.எஸ். போலவே சிறிய படத்தைப் பெரிதாக்கும் எஃப்.எஸ்.ஆர்.ஐ இயக்கிப் பாருங்கள். கேம் வெளிவந்தபோது ஆர்.டி.எக்ஸ். 2060 அல்லது ஆர்.எக்ஸ். 6600 கார்டு, 6 ஜி.பி. வீடியோ மெமரி என்பதுதான் அவர்களே சொன்ன கீழ் எல்லை. எஸ்.எஸ்.டி.யும் கட்டாயம், 90 ஜி.பி. காலி இடத்தோடு.

கேள்வி: கன்ட்ரோலில் சுவரில் உள்ள அறிவிப்புப் பலகைகளின் எழுத்து மங்கலாகவே இருக்கிறது, பக்கத்தில் போனாலும் தெளியவில்லை.

பதில்: முதலில் சிறிய படத்தைக் காட்டிவிட்டு, நெருங்கியதும் பெரியதை வட்டிலிருந்து ஏற்றுவதுதான் முறை. ஹார்டு டிஸ்கில் கேம் இருந்தால் எஸ்.எஸ்.டி.க்கு மாற்றுங்கள். டாஸ்க் மேனேஜரில் வீடியோ மெமரி நிரம்பியிருக்கிறதா என்றும் பாருங்கள்; நிரம்பியிருந்தால் பெரிய படத்துக்கு இடமே கிடைக்காது. அப்போது டெக்ஸ்ச்சரை ஒரு படி இறக்கி, கேமை மூடித் திறந்தால் எழுத்து முன்பைவிடத் தெளிவாக வரும்.