18 அடுக்குகளா, 36 வரிகளா?

கேள்வி: நான் மருத்துவ இயற்பியல் பயிலும் மாணவி. பயிற்சிக்காக, நோயாளியின் அடையாளங்கள் நீக்கப்பட்ட கட்டியைப் புரோட்டான் கற்றையால் தாக்கும் புரோட்டான் சிகிச்சைத் திட்டம் ஒன்றைத் தந்தார்கள். திட்டமிடல் மென்பொருள் அதிலுள்ள கற்றைக்கு 18 அடுக்குகள் என்று காட்டுகிறது; அதன் டைகாம் (மருத்துவப் படங்களையும் சிகிச்சைத் திட்டங்களையும் பதியும் பொது வடிவம்) கோப்பைத் தனியே பிரித்தால் 36 கட்டுப்பாட்டுப் புள்ளிகள் வருகின்றன. எது சரி? முதல் அடுக்குக்கு மானிட்டர் யூனிட் (கருவி செலுத்தும் கதிர்வீச்சை எண்ணும் அலகு) மிகுதியாக இருப்பது ஏன்?
– வாசகி, தக்கலை

பதில்: இரண்டு எண்களும் சரியானவையே. அடுக்கு என்பது ஒரே ஆற்றலுடன் செலுத்தப்படும் பகுதி. டைகாம் முறையில் ஓர் அடுக்கு இரண்டு வரிகளாக, அதாவது இரண்டு கட்டுப்பாட்டுப் புள்ளிகளாக, எழுதப்படுகிறது. முதல் வரியில் ஆற்றலும், அந்த அடுக்கில் கற்றை குறிவைக்கும் புள்ளிகளின் இடங்களும், ஒவ்வொரு புள்ளிக்கும் உரிய எடையும் இருக்கும். அதே ஆற்றலுடன் வரும் இரண்டாவது வரி அந்த அடுக்கு முடிந்ததைக் குறிப்பது மட்டுமே என்பதால், அதில் எடைகள் அனைத்தும் பூஜ்யமாக இருக்கும். மென்பொருள் இந்த இணைகளைச் சேர்த்து 18 என்று காட்டுகிறது. கோப்பிலுள்ள எடையை அப்படியே மானிட்டர் யூனிட் என்று கொள்ளவும் கூடாது. அதைக் கற்றையின் மொத்த மானிட்டர் யூனிட்டால் பெருக்கி, இறுதித் திரள் எடையால் (எல்லா எடைகளின் கூட்டுத்தொகை) வகுத்த பிறகே திரையில் காணும் எண் கிடைக்கும். தொடக்கத்தில் பலரும் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

முதல் அடுக்குக்கு வருவோம். புரோட்டான் தன் ஆற்றலின் பெரும்பகுதியைப் பாதையின் முடிவில் இழக்கிறது. பிராக் உச்சம் எனப்படும் இப்பண்பை 1904 வாக்கில் வில்லியம் ஹென்றி பிராக் கண்டது ரேடியம் உமிழ்ந்த ஆல்ஃபா துகள்களில். (உங்கள் மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலிலுள்ள தோரியம் உமிழும் ஆல்ஃபா துகள்களுக்கும் இதே குணம் உண்டு.) நீரில் 70 மெகா எலக்ட்ரான் வோல்ட் புரோட்டான் ஏறத்தாழ 4 செ.மீ. ஆழமும், 150 உடையது ஏறத்தாழ 16 செ.மீ. ஆழமும் செல்லும். ஆகவே ஆற்றலை மாற்றுவது என்றால் ஆழத்தை மாற்றுவது. வழக்கமாக மிகுந்த ஆற்றலுடைய, மிக ஆழமான அடுக்கே முதலில் செலுத்தப்படுகிறது. அங்கே செல்லும் புரோட்டான்கள் வழியிலுள்ள மேலடுக்குகளிலும் கொஞ்சம் கதிரளவை விட்டுச் செல்வதால், மேலடுக்குகளுக்குக் குறைவாகக் கொடுத்தாலே போதுமானதாகிறது. மிக ஆழமான அந்த முதல் அடுக்குக்கு மட்டும் அப்படி முன்கூட்டிய பங்கு கிடைப்பதில்லை. எனினும், கட்டியின் பின்முனை குறுகி, அந்த அடுக்கில் சில புள்ளிகளே இருந்தால், கூட்டுத்தொகையில் அடுத்த அடுக்குகள் முந்திவிடலாம். ஆதலால் மொத்தத்தை மட்டும் பார்க்காமல், புள்ளி எண்ணிக்கையையும் அருகில் வைத்துப் பாருங்கள்.

ஓர் எச்சரிக்கை: தோலுக்கு அருகிலுள்ள கட்டிகளுக்கு, கற்றையின் வழியில் ரேஞ்ச் ஷிஃப்டர் என்ற தடுப்புத் தகட்டை வைப்பார்கள். அப்போது ஆற்றல் பத்தியில் 100 என்றிருந்தாலும், அந்த ஆற்றலுக்குரிய ஏறத்தாழ 8 செ.மீ. ஆழம் உடலுக்குள் கிடைக்காது. தகட்டின் நீர்ச்சமத் தடிமனை (அதே அளவு ஆற்றலைக் குறைக்கும் நீரின் தடிமன்) கழித்துக்கொள்ள வேண்டும். கற்றையின் பண்புகள் பகுதியில் தகடு உண்டா என்று பார்த்த பிறகே அடுக்கு அட்டவணையைத் திறப்பது நல்லது.