கோவேறு கழுதை வாங்குறப்போ எதைப் பாக்கணும்? – கால்நடை கேள்வி பதில்

கேள்வி: ஐயா வணக்கம், மலையில காபி, மிளகு போட்டிருக்கோம், ரோடு கிடையாது, இவ்வளவு நாளா வாடகைக்குப் பொதி ஏத்தித்தான் இறக்குறோம். இப்ப சொந்தமா ஒரு கோவேறு கழுதை வாங்கலாம்னு இருக்கோம். ஆடியில அந்தியூர் சந்தைக்குப் போங்க, சுழி பாக்குற ஆளையும் கூட்டிட்டுப் போங்கன்னு சொல்றாங்க. என்ன பாத்து வாங்கணும்? – வாசகர், போடி

பதில்: தம்பி, அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குத் தாராளமா போங்க, ஆனா அங்க குதிரையும் மாடும்தான் பிரதானம், அதனால கோவேறுன்னு சொல்லி மட்டக்குதிரையைக் காட்டுனா காதைப் பாருங்க, கோவேறு கழுதைக்கு காது நீளமா இருக்கும், குளம்பு ஒடுங்கி நிக்கும். சுழி பாக்குறதுல நான் குறுக்க வரல, அதுக்கு முன்னாடி சேணத்தைக் கழட்டச் சொல்லுங்க. அடியில இருக்குற துணியையும் எடுத்துட்டு முதுகு மேட்டுல கையை வச்சு அழுத்தித் தடவுங்க. அந்த இடத்துல மட்டும் திட்டுத்திட்டா வெள்ளை முடி இருந்தா பழைய சேணப்புண் ஆறுன தடம் அது, அழுத்துறப்போ முதுகை நெளிச்சா உள்ள இன்னும் வலி இருக்குன்னு அர்த்தம். ஒருதடவை ஒரு மலைக்கிராமத்துல ஒரு கோவேறு கழுதைக்கு சேணத்துக்கு அடியில இருந்த சாக்குத்துணி புண்ணோட ஒட்டிப்போய்க் கிடந்துச்சு, வெந்நீர் விட்டு நனைச்சு நனைச்சுப் பிரிக்க அரை மணி நேரமாச்சு, அந்தக் கழுதை அசையாம நின்னுச்சு, இன்னைக்கும் மனசு ஆறல எனக்கு.

அப்புறம் நாலு காலையும் தூக்கிப் பாருங்க, குளம்புக்கு அடியில கறுப்பா கசிஞ்சு நாத்தம் அடிச்சா அழுகல். கெட்டியான தரையில ஓட விடுங்க, முன்னங்கால்ல வலி இருந்தா அந்தக் கால் தரையில படுறப்போ தலையை மேல தூக்கும். வயசு பல்லுல தெரியும், அஞ்சு வயசுல முன்பல்லெல்லாம் நிரந்தரப் பல்லாயிடும், மேல்வரிசை ஓரப் பல்லுல ஒரு கோடு பத்து வயசு வாக்குல ஆரம்பிச்சு இருபதுல கீழ வரைக்கும் வந்துடும், சுமாரான கணக்குதான்.

இதை மட்டும் விட்டுடாதீங்க, மூக்குல கெட்டியா சளி, உள்ள புண்ணு, கால்ல கட்டி கட்டியா இருந்தா கிட்டயே போகாதீங்க, கிளாண்டர்ஸா இருக்கலாம், அது மனுஷனுக்கும் தொத்துற நோய். பாக்க நல்லா இருந்தாலும் அரசு கால்நடை மருத்துவர்கிட்ட சொல்லி ரத்தப் பரிசோதனை பண்ணி ரிசல்ட் வந்தப்புறம் மிச்சப் பணத்தைக் கொடுங்க, அதுக்கு ஒத்துக்காத தரகர்கிட்ட வாங்கவே வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் டெட்டனஸ் ஊசி போட்டுடுங்க.

கேள்வி: பெட்டை கோவேறு ஒண்ணு பேசி வச்சிருக்கேன், சினையா இருக்கு, பத்தாயிரம் கூடக் கொடுன்னு கேக்குறாங்க. கொடுக்கலாமா? – வாசகர், கொடைக்கானல்

பதில்: கொடுக்காதீங்கம்மா. குதிரைக்கு குரோமோசோம் 64, கழுதைக்கு 62, ரெண்டும் சேர்ந்து பொறந்த இதுக்கு 63, அந்தக் குரோமோசோம் ஜோடி சேராததால சினை பிடிக்காது. உலகத்துல எங்கயோ ரொம்ப அபூர்வமா ஈன்றிருக்கு, அதை நம்பி காசு கொடுக்க முடியாது. வயிறு பெருசா இருந்தா குடல்புழுவான்னு சாணியைக் கொண்டுபோய் டெஸ்ட் பண்ணுங்க.

கேள்வி: எவ்வளவு எடை ஏத்தலாம்? அதே சேணத்துல ஆளும் ஏறிப் போகலாமா? – வாசகர், தேனி

பதில்: வண்டி இழுக்குற, பொதி சுமக்குற கால்நடைகளை வதைக்கக்கூடாதுன்னு போட்ட 1965 விதிகள்ல கோவேறுக்கு 200 கிலோ வரைக்கும்னு இருக்கு, ஆனா நம்ம மலைச் சரிவுல அதைப் பிடிச்சுக்கிட்டு ஏத்தாதீங்க, 300 கிலோ உருப்படிக்கு சேணத்தோட சேர்த்து 75, 80 கிலோ போதும், ரெண்டு பக்கமும் சமமா தொங்கணும். ஒரு நாளைக்கு 9 மணி நேரத்துக்கு மேலயும், ஓய்வில்லாம தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேலயும் வேலை வாங்கக்கூடாதுன்னும் அதே விதியில இருக்கு. பொதிச் சேணத்துல ஆள் ஏறாதீங்க, எடை ஒரே இடத்துல இறங்கி முதுகைத் தின்னுடும், சவாரிக்கு தனிச் சேணம் வாங்குங்க, அது முதுகுல உக்காருறப்போ நடுத்தண்டுல படாம ரெண்டு விரல் போற அளவுக்கு இடைவெளி இருக்கான்னு பாத்துக்கோங்க.