பெயர் மட்டும் தங்கிவிட்ட கிளப்

கேள்வி: எக்ஸ்பிரஸ் அவென்யூ மாலுக்குப் பக்கத்துத் தெருவுக்கு ‘கிளப் ஹவுஸ் ரோடு’ என்று பெயர். அங்கே எந்த கிளப்பையும் காணோமே?
- ஒரு வாசகர், ராயப்பேட்டை

இருந்தது. 1832-இல் தொடங்கிய மெட்ராஸ் கிளப் நூறு வருஷத்துக்கும் மேல் அந்த வளாகத்தில்தான் நடந்தது. பிறகு இடம் எக்ஸ்பிரஸ் பத்திரிகை வசம் போனது, பெரிய பெரிய தூண்களோடு நின்ற அந்தக் கட்டடமும் இடிந்து, 2010-இல் மால் திறந்தது. தெருப்பலகையை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள், அந்த மட்டில் சந்தோஷம்.

கிளப் சாகவில்லை. கொஞ்ச காலம் மவுண்ட் ரோடில் இருந்துவிட்டு, 1963-இல் அடையாறு கிளப்போடு சேர்ந்து அடையாற்றங்கரைக்குப் போய்விட்டது. இப்போது அது இருக்கும் வீட்டின் கதை இன்னும் சுவாரசியமானது, ஏனென்றால் அது கிளப்புக்காகக் கட்டியதே இல்லை. 1771-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அரசின் கணக்காளராக மெட்ராஸ் வந்த ஜார்ஜ் மௌப்ரே என்பவர் 105 ஏக்கர் வாங்கி, நடுவில் குவிமாடம் வைத்துக் கட்டிக்கொண்ட தோட்ட வீடு அது. ‘மௌப்ரேஸ் ரோடு’ என்று பெரியவர்கள் சொல்வார்களே, இன்றைய டி.டி.கே. சாலை, அது இவர் பெயர்தான். வீட்டுக்குள் அடையாறு கிளப் குடிவந்தது 1890-இல்.

கேள்வி: அந்தக் கால பங்களாக்களில் அவ்வளவு உயரமான கூரை எதற்கு? ஜம்பத்துக்கா?
- இன்னொரு வாசகர், மந்தைவெளி

ஜம்பமும் உண்டு, ஆனால் முதல் காரணம் வெயில். மின்விசிறி இல்லாத ஊரில் சூடான காற்று மேலே ஏறிப்போக இடம் வேண்டாமா? சுற்றிலும் ஆழமான வராந்தா போட்டால் சுவரில் நேர் வெயில் விழாது. கூரையை ‘மெட்ராஸ் டெரஸ்’ என்பார்கள்: தேக்கு உத்திரம், அதன் மேல் மரச் சட்டங்கள், அவற்றின் மேல் சின்னச் செங்கல்லைக் குத்துவாட்டில் சாய்வாக அடுக்கிச் சுண்ணாம்புக் கலவை. இரும்பும் கிடையாது, சிமென்டும் கிடையாது.

எனக்குப் பிடித்தது பூச்சுதான். கிளிஞ்சலைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு, தயிர், வெல்லம் என்று அவரவர் கைப்பக்குவத்துக்குச் சேர்த்து, பூசிய பிறகு கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். பளிங்கு என்று நினைத்துத் தூணைத் தொட்டுப் பார்த்து ஏமாந்த வெள்ளைக்காரப் பயணிகள் எழுதிவைத்திருக்கிறார்கள்.

கேள்வி: அந்த மெட்ராஸ் கிளப்பில் நம்மவர்கள் சேர முடிந்ததா?
- அதே மந்தைவெளி வாசகர்

சுதந்திரம் வந்த பிறகும் சில வருஷம் வெளியேதான். இந்தியர்களும் உறுப்பினராகலாம் என்று காஸ்மோபாலிட்டன் கிளப் 1873-இலேயே வந்துவிட்டது, அது இன்னும் நடக்கிறது.